இருபத்தெட்டாவது முளைக்குச்சி

ஃபிஜித் தீவில் எங்கள் நதவோலா கிராமத்தில் உலாமிலா அளவுக்குச் சந்தேகப்படத் தெரிந்தவர் யாரும் கிடையாது. தேவாலயத்தில் போதகர் ஜெபிக்கும்போது ஊரே கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருப்பாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நானும் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடல் ஏறுவதை அளக்க அரசாங்க ஆட்கள் எங்கள் கரையில் எண் போட்ட கம்பம் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் படகு முனை திரும்புவதற்குள் இவள் அதன் பக்கத்திலேயே தன் சொந்த மூங்கிலை நட்டு, கத்தியால் கோடு கீற ஆரம்பித்துவிட்டாள்.

"எதுக்கு புள்ள ரெண்டு?" என்றேன்.

"அவங்க கம்பம் அவங்களுக்குப் பதில் சொல்லும். என்னோடது எனக்குச் சொல்லட்டும்."

அவள் மூங்கில் சொன்னது நல்ல சேதி இல்லை. முன்பெல்லாம் ஈரப்பலா மரத்தோடு நின்றுவிடும் பௌர்ணமி ஓதம், இப்போது அவள் வாசற்படியை நனைத்துவிட்டுத்தான் திரும்பியது. சேம்பு வயலில் உப்பு ஏறிக் கிழங்கெல்லாம் அழுகின. கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் எத்தனை கரண்டி சர்க்கரை போட்டாலும் கரித்தது. ஊரோடு மேட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். மேடு எங்கள் குலத்து நிலம்தான். வீடு கட்டித் தருவதாகத் தலைநகர் சுவாவிலிருந்து ஓர் அலுவலகமும் முன்வந்தது. அந்த மேட்டில் உலாமிலாவுக்கு ஒரு வீடு உண்டா இல்லையா என்பதில்தான் மாதக்கணக்கில் ஊரே தலைகீழாக நின்றது. அதற்கு நான் காரணம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் நெமானி. ஊர்ப் படகு ஓட்டுகிறேன். என் அம்மா உலாமிலாவின் அப்பாவுக்குத் தங்கை. ஆக, அவள் எனக்கு மாமன் மகள். எங்கள் ஊரில் முறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே ஆக வேண்டும். இரண்டு நாள் சும்மா இருந்தால், என்ன கோபம் என்று கேட்பார்கள். அண்ணன் தங்கை விஷயம் இதற்கு நேர்மாறு. வயதுக்கு வந்துவிட்டால் கூடப்பிறந்தவர்கள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒருவர் காதுபட இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. தங்கை வீட்டு விவகாரத்தை அண்ணன் வெளியாளிடம் வாயெடுத்துப் பேசுவதும் தகாது. அது பகை இல்லை, மரியாதை. சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் முறைக்காரன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உலாமிலாவின் அண்ணன் கமினியேலி எங்கள் ஊர்த்தலைவர். இருவருக்கும் நடுவில் தூது போகும் வேலை என் தலையில் விழுந்தது. கடவுளுக்குக்கூடச் சில சமயம் ஆள் பார்த்து வேலை கொடுக்கத் தெரிவதில்லை.

உலாமிலா இருபது வயதில் கண்டாவுத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். புருஷன் பேனி நல்லவன். பிள்ளை இல்லை என்பதை அவன் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. சர்க்கரை வியாதி வந்து முதலில் காலும் பிறகு உயிரும் போயின. "அண்ணி, நீங்க இருக்கற வரைக்கும் இது உங்க வீடுதான்" என்றார்கள் அவன் தம்பிகள். நூறாம் நாள் துக்கம் முடிந்து, நாத்தனார் ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். அவள் அடுப்பில் வேறு யாருடைய பானையோ கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்காமல், தன் தாழம்பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "எழுதியிருக்கா?" என்பதுதான்.

பாயோடு கரையில் இறங்கியவளைக் கமினியேலி தூரத்திலிருந்தே பார்த்தான். பேசாமல் திரும்பிப் போனான். மறுநாள் காலையில் கோடரியோடு காட்டுக்குப் போய்விட்டான். நான்கு மாதம் தனி ஆளாகக் கடலோரத்தில் தங்கைக்கு வீடு கட்டினான். சுவர் எழும்பும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், கதவு எந்தப் பக்கம் பார்த்து வேணும்னு கேட்டுட்டு வா."

போய்க் கேட்டேன். கடலைப் பார்த்து என்றாள். திரும்பி வந்து, "உன் பன்னிக் கொட்டாயப் பார்த்து வேணுமாம்" என்றேன்.

"பன்னிக் கொட்டாயா?"

"பன்னின்னா அவளுக்கு உசிரு. உனக்குத் தெரியாதா?"

தங்கை கேட்டதை அண்ணன் ஏன் என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கமினியேலி கொட்டிலைப் பார்த்தே கதவு வைத்துவிட்டான். வீட்டைப் பார்த்த உலாமிலா, அண்ணன் தன்னை வேண்டுமென்றே பன்றிக்கு எதிரே உட்கார வைத்துவிட்டான் என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் என் பெண்டாட்டி உண்மையைக் கொட்டிவிட்டாள். உலாமிலா தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் எனக்குக் கொடுத்த பூசையை என் முதுகு இன்னும் மறக்கவில்லை. கதவை மாற்றி வைக்கலாமா என்று அண்ணன் கேட்டு அனுப்பினான். வேண்டாம் என்றாள். அவன் கையால் எழுப்பிய சுவரை வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அதற்கப்புறம் நடந்தது யாரும் ஏற்பாடு செய்ததில்லை. தினமும் காலையில் கமினியேலி வாளியோடு கொட்டிலுக்கு வருவான். பன்றிகளுக்குத் தீனி போட்டுவிட்டு இரண்டு தடவை இருமுவான். உள்ளே உலாமிலா பானை மூடியால் பானை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவன் போய்விடுவான். பதினோரு வருடம் இப்படித்தான். பக்கத்துப் படகுக் கொட்டகையில் இருந்த எனக்கு மட்டும் இது கேட்கும். எதை வைத்தும் கிண்டல் செய்கிற நான், இதை வைத்து ஒரு நாளும் செய்ததில்லை.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த மாதத்தில் சுவா அலுவலகத்து ஆட்களை என் படகில் ஏற்றி வந்தேன். ருசியாதே என்ற இளவட்டம் தலைமை. ஆரஞ்சு நிறச் சட்டை, மணலில் புதைகிற பூட்ஸ், கையில் பலகை மாதிரி ஒரு கணினி. தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் கமினியேலியை உட்கார வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். இருபத்தேழு வீடு தடையில்லாமல் ஓடியது.

"அந்தக் கடலோர வீடு யாருது ஐயா?"

கமினியேலி பாயைப் பார்த்தான். "அது... நாங்கதான்."

"உங்களோட சேர்ந்ததா?"

"எங்க ஆளுதான் தம்பி."

ருசியாதே கணினியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். அவனும் ஃபிஜிக்காரன்தான். ஆனால் பட்டணத்தில் வளர்ந்தவர்கள், ஒருவன் மரியாதைக்காக விழுங்கிய வார்த்தையைக்கூடப் பதில் என்று எழுதிக்கொள்வார்கள்.

கமினியேலிக்கு வேர்த்துவிட்டது. என்னை வெளியே இழுத்துப் போனான். "மச்சான், ஓடு. அவ வந்து அவ பேர அவளே சொல்லட்டும். சாயங்காலம் இவங்க கிளம்பிடுவாங்க. எழுதாம போனா மேட்டுல அவளுக்கு வீடில்ல. என்னால சொல்ல முடியாது, தெரியுமில்ல?"

உலாமிலா சேற்று நண்டுகளின் கொடுக்கை நாரால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உலா, உடனே கூடத்துக்கு வா. பேர் எழுதறாங்க. நீயே வந்து சொல்லலன்னா உனக்கு வீடு கிடையாதாம்."

"யார் சொன்னா?"

"உங்க அண்ணன்தான்."

"கதவ எந்தப் பக்கம் வைக்கன்னு கேட்ட அதே அண்ணனா?"

அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத நேரம்தான். ஆனால் பன்றி ஞாபகம் வந்த பிறகு அடக்க முடியவில்லை. அவள் நண்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"போய்யா! நான் நண்டு நாத்தத்தோட அங்க வந்து நிப்பேன், ஊரே கூடிச் சிரிக்கும். அதானே உன் ஏற்பாடு?"

"சத்தியமா சொல்றேன் உலா."

"மந்திரி வராரு, நண்டு வறுத்து வைன்னு அன்னைக்கும் சத்தியம் பண்ணினியே. வறுத்த நண்ட யார் தின்னது?"

நான் தின்றேன். கூடத்தில் யங்கோனா பானம் கரைத்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாகக் கைதட்டும் சத்தம் கேட்டது. வேரை இடித்துப் புதிதாகக் கரைத்த முதல் சுற்று. நான் இல்லாமல் போய்விடுமே என்ற நினைப்பில் திரும்பி நடந்துவிட்டேன். "சொல்லிட்டேன் மச்சான்" என்றேன் கமினியேலியிடம். சொன்னேன் என்பது பொய் இல்லை. அவள் நம்பவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வரவில்லை. சாயங்காலம் நான்தான் அவர்களைப் படகில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ருசியாதேவைச் சிரிக்க வைத்துக்கொண்டே போனேன்.

இரண்டு மாதம் கழித்து அளவுக்காரர்கள் வந்து, மேட்டில் வீட்டுக்கு ஒன்றாகச் சிவப்பு நாடா கட்டிய முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். ஊரே ஏறிப் போய்ப் பார்த்துப் பெருமூச்சு விட்டு இறங்கியது. உலாமிலா மட்டும் ஒரு வரிசை விடாமல் நடந்து எண்ணினாள். எண்ணியதை மறுபடி கீழிருந்து மேலாக எண்ணினாள். பிறகு தண்ணீர்க் குழாயடியில் வந்து சொன்னாள்.

"கீழ கூரை இருபத்தெட்டு. மேல குச்சி இருபத்தேழு. யாருக்கோ வீடில்ல."

"ஆடு பிடுங்கியிருக்கும்" என்றாள் ஒருத்தி.

"எந்த ஆடு? யாரு ஆடு?"

ஆட்டுக்காரர் வீட்டுக்கே போய்விட்டாள். ஆட்டின் வாயில் சிவப்பு நாடா இருக்கிறதா என்று பார்த்தாள் என்று ஊர் சிரித்தது. அவள் சந்தேகம் வீடு வீடாக நடந்தது. போதகர் தன் தம்பிக்காக இரண்டு இடம் பிடிக்கிறாரோ என்று ஒரு வாரம். மேட்டு முனையில் யாரோ விடுதி கட்டப் போகிறார்கள், அதற்காக ஓர் இடத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தபோது நான் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். யாருடைய குச்சி இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஏதாவது சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தினேன். கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

பட்டியல் வந்தது. கூடத்துக் கதவில் ஒட்டினார்கள். ஒன்பதாவது வரி: கமினியேலி, குடும்பத் தலைவர், ஆறு பேர். அந்த ஆறில் கடைசியாக, 'சகோதரி, சார்ந்திருப்பவர்.' பெயர்கூட இல்லை. உலாமிலா அந்த வரியை விரல் வைத்து மூன்று தரம் படித்தாள். நேரே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை கமினியேலி கொட்டிலுக்கு வந்தான். தீனி போட்டான். இரண்டு தடவை இருமினான். மூடிச் சத்தம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி இருமினான். கதவு சாத்தியிருந்தது. காலி வாளியைப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற நிற்பைப் பார்க்க முடியாமல் நான் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

அன்றே அவளிடம் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கண்டாவுல பானைய வச்சப்புறம்தான் தெரிஞ்சுது மச்சான். இங்க பானை வைக்கறதுக்கு முன்னாடியே பேர எடுத்துட்டாங்க. அங்க புருஷனோட தம்பிங்க. இங்க கூடப் பொறந்தவரு."

"உலா, அவன் மேல தப்பில்ல. என் மேலதான்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் பாயைப் பார்த்தது, வேர்த்தது, ஓடு என்றது, நான் சிரித்தது, யங்கோனா எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் அவளிடம் இவ்வளவு நேரம் சிரிக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவர் அனுப்பினாரா?"

"யாரு?"

"பழிய நீ வாங்கிக்க, அவ ஆறிடுவான்னு சொல்லி அனுப்பினாரா? நல்லா நடிக்கற. கண்ணுல தண்ணிகூட வருது."

"அது நெசக் கண்ணீர் புள்ள!"

"நண்டு தின்ன அன்னைக்கும் வந்துச்சு. மிளகாய்னு சொன்ன."

அவளை நம்ப வைக்க என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. விளையாடி விளையாடியே இருந்த நம்பிக்கையையெல்லாம் தின்று தீர்த்துவிட்டேன். நேரே கமினியேலியிடம் போய் அதையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வலையைப் பின்னிக்கொண்டே கேட்டான்.

"நம்பலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மச்சான்?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? உன்னாலதான் வாயத் திறக்க முடியாதே."

அதற்குப் பிறகு அவன் வலையில் ஒரு கண்கூடப் போடவில்லை.

ஊர் மாறுவதற்கு ஒரு விதி இருந்தது. பெரியவர்கள் அறுபத்திரண்டு பேரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மேட்டில் முதல் கல் விழும். அறுபத்தொரு பேர் போட்டுவிட்டார்கள். உலாமிலா மாட்டேன் என்றாள். செப்டம்பர் ஓதத்தில் இரண்டு வீட்டுச் சமையலறைகள் கடலோடு போயின. குழாயடியில் பெண்கள் அவள் முகத்துக்கு நேராகவே பேச ஆரம்பித்தார்கள்.

"ஒருத்தி வீம்புக்கு ஊரே முங்கணுமா?"

"அண்ணன் வீட்டுல ஒரு மூலை குடுக்காமலா போயிடுவாரு?"

"மூலையில இருந்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் உலாமிலா. "கடல் எடுக்கறது கூரைய. ஆம்பளையா பொம்பளையான்னு பார்த்து எடுக்கல. இருபத்தெட்டுக் கூரை எடுத்தா இருபத்தெட்டுக் கூரை குடுக்கணும். அது அவங்க காகிதத்துலயே இருக்கு."

இருந்தது. ஊர் மாற்றத்துக்கான விதிப் புத்தகத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். ஊரில் அதை முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கத்தான் படித்தாள். வீடு இழக்கும் எவரும், ஆணோ பெண்ணோ, துணை உள்ளவரோ இல்லாதவரோ, தன் பெயரில் வீடு பெற உரிமை உள்ளவர் என்று பதினான்காம் பக்கத்தில் இருந்த வரியைக் கரியால் கோடிட்டிருந்தாள். அவள் வாசற்படியில் ஓதம் வந்து போய்க்கொண்டிருந்தது. காலையில் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.

நவம்பரில் ருசியாதே மறுபடி வந்தான். முறைப்படி யங்கோனா வேர்க்கட்டைக் கொண்டுவந்து வைத்தான், பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கூடம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் கமினியேலி. வாசலோரம் பெண்களோடு உலாமிலா, மடியில் பிஸ்கட் டப்பா. ருசியாதே பட்டியலை வாசித்து முடித்து, யாருக்காவது மறுப்பு உண்டா என்றான். அவள் கையைத் தூக்கினாள்.

"பதினாலாம் பக்கம் எடுங்க தம்பி. சத்தமா படிங்க."

படித்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, நீங்க தனிக் குடும்பம்னு எனக்கு யாரும் சொல்லல. சார்ந்தவங்கன்னு பதிவாயிருக்கு."

"சொல்லாதது யாரு தப்புன்னு எனக்கு வேணாம். என் பேர் எங்க?"

"மாத்திடலாம். ஆனா அன்னைக்குத் தகவல் சொன்னவரே உங்க முன்னாடியும் சாட்சிங்க முன்னாடியும் வாயால திருத்திச் சொல்லணும். இந்த விதி நான் போட்டதில்ல."

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "அது ஆகாத காரியம் தம்பி. அவங்க அண்ணன் தங்கச்சி. வேற யாராவது சொல்லட்டும். முறைக்காரன் இருக்கானே, நெமானி சொல்லட்டும்."

நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் கூடம் சிரித்துவிட்டது. போதகர் சிரித்தார். குழந்தைகள் சிரித்தார்கள். படகில் என் கதைகளைக் கேட்டிருந்த ருசியாதேவும் உதட்டைக் கடித்துக்கொண்டான். நான் அழாத குறையாக நின்றேன். யாரையும் நோவதற்கில்லை. அறுபது வருடம் பாடுபட்டுச் சம்பாதித்த பேர் அது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வாசலோரம், ஒருவன் முன்வரிசையில்.

"உலாமிலா."

சிரிப்பு அப்படியே அறுந்தது. கமினியேலி திரும்பவில்லை. தலையைக் குனிந்து பாயைப் பார்த்தபடியே பேசினான். நாற்பது வருடத்தில் அவள் காது கேட்க அவன் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"என் தங்கச்சி உலாமிலா. கடலோர வீடு அவ வீடு. நான் கட்டினேன், அவ்வளவுதான். எனக்கு அதுல பங்கு கெடையாது. அவ யாரையும் சார்ந்து இல்ல. அன்னைக்கே நான் இதச் சொல்லியிருக்கணும். வழக்கத்தப் பார்த்தேன், அவளப் பார்க்கல. எழுதிக்க தம்பி."

பெண்கள் சிலர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உலாமிலா என் பக்கம் திரும்பினாள்.

"யோவ் மச்சான், எழுதிட்டானான்னு பாரு." நான் அடியெடுத்து வைத்தேன். "வேணாம், நீ பார்க்காத. நானே பார்த்துக்கறேன்."

எல்லோருக்கும் நடுவில் நடந்து போய், ருசியாதேவின் தோளுக்குப் பின்னால் நின்று, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். புருஷன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். அதையும் படித்தாள். அதன் பிறகுதான் சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது அண்ணனைக் கடந்துதான் வர வேண்டும். உட்கார்ந்திருப்பவரைக் குனிந்துதான் கடப்போம். அவனுக்குப் பின்னால் வந்ததும், வழக்கத்தைவிடத் தாழக் குனிந்து கடந்தாள்.

மறுநாள் கமினியேலி, எங்களிடம் பெரிய மன்னிப்புக்கு வைக்கும் திமிங்கிலப் பல் ஒன்றை என் கையில் கொடுத்தான். சபையில் தங்கையின் பெயரைச் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டு வைக்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்பேன் என்று கெஞ்சினேன். "நீதான் போகணும்" என்றான். போனேன். பல்லை இரு கையிலும் ஏந்தி, சொல்ல வேண்டியதைத் தலை குனிந்து சொன்னேன். அவள் நெடுநேரம் என் வாயோரத்தையே பார்த்தாள், எங்கேயாவது சிரிப்பு எட்டிப் பார்க்கிறதா என்று. இல்லை என்று தெரிந்ததும் பல்லை வாங்கிக்கொண்டு, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் குழித்த கைகளை மெதுவாகத் தட்டினாள்.

அன்று பகலில் மேட்டுக்குப் போனோம். அளவுக்காரர்கள் வரும்வரை கமினியேலி காத்திருக்கவில்லை. தன் மனைக்குப் பக்கத்தில், அளந்த எல்லைக்குள்ளேயே இடம் ஒதுக்கி, தானே சீவிய முளைக்குச்சியில் சிவப்பு நாடா கட்டி அடித்தான். இரவு ஊரிலேயே தங்கியிருந்த ருசியாதே அளந்து பார்த்து, இருபத்தெட்டு என்று குறித்துக்கொண்டான். உலாமிலா பத்தடி தள்ளி, டப்பாவோடு நின்றாள். இனி சுவர் எந்தப் பக்கம் என்று கோடு போட வேண்டும்.

"மச்சான், கதவு எந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்த கமினியேலி என் முகத்தைப் பார்த்தான். "வேணாம் விடு" என்றான்.

உலாமிலா என்னைத் தாண்டி நடந்து வந்தாள். முளைக்குச்சிக்குப் பக்கத்தில் வந்து, அண்ணனுக்கு முதுகு காட்டி நின்றாள். முதலில் கடலைப் பார்த்தாள். கீழே எங்கள் கூரைகளும் அவள் மூங்கிலும் தெரிந்தன. கடலைத்தான் கேட்கப் போகிறாள், அதை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத் திரும்பினாள். கமினியேலியின் மனையோரத்தில், புதிய பன்றிக் கொட்டிலுக்காக அவன் கல் குவித்து வைத்திருந்த பக்கமாகத் திரும்பி, அப்படியே நின்றுவிட்டாள்.

கமினியேலி கடப்பாரையை எடுத்து, அவள் முகம் பார்த்த பக்கத்தில் கதவுக்குக் கோடு கீறினான். கை ஓய்ந்ததும் இரண்டு தடவை இருமினான்.

அவளிடம் பானை இல்லை. பிஸ்கட் டப்பாவின் மூடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.